வடக்கே ஒரு சாலை – 23
வாயிற்கூட்டத்தில் வராத பேச்சு

சென்ற இதழில் 1980 மார்ச் 8இல் நிறுத்தியிருந்தோம். மகாராஷ்டிரத்தில் பழங்குடிப் பெண் ஒருவரைக் காவல் நிலையத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமை செய்த காவலர் இருவரை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே இணங்கித்தான் இருக்க வேண்டும் என்று போயிற்று அந்தத் தீர்ப்பு. அதைக் கண்டித்து அடுத்த ஆண்டு செப்டம்பரில் தலைமை நீதிபதிக்குச் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம்தான் அந்த மார்ச் 8இல் நகரம் நகரமாகப் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமையில், தான் இணங்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுத் தொடங்க வேண்டும் என்றானது.

கடிதம் எழுதிய நால்வரில் லத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார் இருவரும் பெண்கள். உபேந்திர பக்‌ஷி, ரகுநாத் கேல்கர் இருவரும் ஆண்கள். எழுதும் மேசையில் ஆண்கள் பாதிக்குப் பாதி. தெருவில் நடந்த கூட்டத்திலோ பெண்களே பெரும்பாலும். ஆண்கள் எப்போது நடக்கத் தொடங்கினார்கள், நடந்து என்ன செய்தார்கள் என்பதை இந்த இதழில் பார்க்கலாம். வடசென்னை மணலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இது தள்ளிப்போட முடியாத கேள்வி. இது ஆண்களுக்கென்றே கட்டியதுபோல் வளர்ந்த ஊர்.

1965இல் இந்திய அரசும் ஈரானின் எண்ணெய்க் கம்பெனியும் அமெரிக்காவின் அமோகோவும் கூட்டுச் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1969இல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் அதன் அன்றைய கொள்ளளவு. 1971இல் பக்கத்திலேயே மெட்ராஸ் உரத் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தது. பிறகு பெட்ரோகெமிக்கல் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. கிராமமாக இருந்த மணலி மூன்று ஷிப்ட் ஊரானது. பெர்மனென்ட் ஆட்கள், காண்டிராக்ட் ஆட்கள், டேங்கர் டிரைவர், கிளீனர், வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், கேட்டுக்கு வெளியே டீ மாஸ்டர் என்று எல்லோரும் ஆண்கள். பெண்கள் இல்லாமல் இல்லை. கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் கேன்டீனுக்கும் வந்தார்கள், இருட்டுவதற்குள் போனார்கள்.

அதற்குச் சட்டமும் துணை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 முதல் மாலை 7 வரை தவிர மற்ற நேரத்தில் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பெண்ணின் நன்மைக்காகத்தான். இரவு ஆபத்தானது என்று அரசே முடிவு கட்டிவிட்டது. அந்த இரவை ஆபத்தாக்குவது யார் என்று சட்டம் கேட்கவில்லை. 2000 டிசம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று செல்லாததாக்கியது. பெண்களைக் குழுவாகத்தான் இரவு வேலைக்கு வைக்க வேண்டும், போக்குவரத்தும் பாதுகாப்பும் தர வேண்டும் என்று நிபந்தனைகளும் போட்டது. சட்டப்படி இருட்டு பெண்ணுக்கும் உண்டானது. நடைமுறைக்கு வர இன்னும் எத்தனையோ பேச வேண்டியிருந்தது.

பேச்சுக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே கொடிக்கம்பத்தடியில் நடக்கும் வாயிற்கூட்டம் வடசென்னையின் தனிப் பள்ளிக்கூடம். ஊதிய ஒப்பந்தம், போனஸ், காண்டிராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவது, தனியார்மயம், சில நாள் வியட்நாமும் தென்னாப்பிரிக்காவும்கூட. பத்து நிமிடத்தில் உலகத்தையே சுற்றி வருவார்கள். வீட்டில் கை ஓங்குவதும் பஸ்ஸில் கை நீட்டுவதும் பொதுவாக அந்தப் பட்டியலில் வந்ததில்லை. அது "குடும்ப விஷயம்", இல்லையென்றால் "பொம்பளைங்க சமாச்சாரம்". மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. 1992க்கு வருவோம்.

அந்த ஆண்டு தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தது. அதே ஆண்டு சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானார், அவர் கணவர் காவலிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 20ஆம் தேதி தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் புகுந்தார்கள். சந்தனக் கட்டை தேடி வந்ததாகச் சொன்னார்கள். ஊர்க்காரர்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். கட்டை எங்கே இருக்கிறது காட்டு என்று 18 பெண்களை, அதில் ஒருத்தி 13 வயதுச் சிறுமி, ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேல் சிறைக்குப் போனார்கள். வீடுகள் நொறுங்கின, தானியம் பாழானது, கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது.

செய்தி மலையை விட்டு இறங்கச் சில வாரங்கள் ஆயின. கொண்டுவந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள். அச்சங்கத்தின் பெ. சண்முகம் ஊருக்குள் போய்ப் பார்த்துச் சொன்னதை வைத்து, மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் பெண்களிடம் உட்கார்ந்து வாக்குமூலங்களைத் திரட்டினார். ஆலைத் தொழிற்சங்கங்களிலும் வேலை செய்து பழகியவர் அவர். கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றி எழுதியவர். கொடுமையைக் கேட்டு எழுதுவதற்கு ஒரு பயிற்சி வேண்டும், அது அவரிடம் இருந்தது.

உச்ச நீதிமன்றம் மனுவை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1995இல்தான் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு வந்தது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்கு. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு, அதே செப்டம்பர் 29இல், தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் என்றும் உத்தரவிட்டார்.

முப்பத்தோரு வருடம். இதில் ஆண்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். மனு போடுவது, வழக்குச் செலவுக்கு உண்டியல் குலுக்குவது, மலையிலிருந்து சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது, வாய்தா வாங்கித் திரும்பக் கொண்டுபோய் விடுவது, யாரும் மிரண்டு பின்வாங்காமல் பார்த்துக்கொள்வது. படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை. ஆண்கள் பங்கேற்ற பாலியல் வன்முறை எதிர்ப்பு என்றால் தமிழ்நாட்டு வரலாற்றில் நான் முதலில் எழுதுவது இதைத்தான். ஒரு குறையும் சொல்ல வேண்டும். அங்கே குற்றவாளி சீருடை போட்டவன், எதிரணி அரசு. அப்படிப்பட்ட எதிரியோடு சண்டை போடத் தொழிற்சங்கத்து ஆண்களுக்குப் பழக்கம் உண்டு. பக்கத்து இருக்கைக்காரன் குற்றவாளியாக இருந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் பழக்கமில்லை.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கும் முயற்சிகளும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வேறு இடங்களில் முளைத்தன. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1989 டிசம்பர் 6 அன்று பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன், பெண்களைத் தனியே பிரித்துச் சுட்டான். 14 பெண்கள் செத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1991இல், மைக்கேல் காஃப்மன், ஜாக் லேட்டன் உள்ளிட்ட சிலர் ஆண்களைச் சட்டையில் வெள்ளை ரிப்பன் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். கூடவே மூன்று பகுதியாக ஓர் உறுதிமொழி: பெண்ணின் மேல் வன்முறை செய்ய மாட்டேன், செய்வதைச் சரி என்று சொல்ல மாட்டேன், பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்க மாட்டேன். முதல் இரண்டுக்கும் எந்த ஆணும் உடனே தலையாட்டிவிடுவான். மூன்றாவதில்தான் தொண்டை அடைக்கும்.

அதே 1991இல் மும்பையில் சி. ஒய். கோபிநாத் என்ற பத்திரிகையாளர் இந்தியன் எக்ஸ்பிரஸில் ஒரு விளம்பரம் கொடுத்தார். மனைவியை அடிப்பது தப்பு என்று நினைக்கும் ஆண்கள் தேவை என்பது அதன் பொருள். வேலைக்கு ஆள் தேவை விளம்பரம் மாதிரியே. 205 பேர் எழுதினார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து 1993இல் மாவா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வன்முறைக்கு எதிரான ஆண்கள் என்பது அதன் முழுப்பெயர். ஹரீஷ் சதானி முப்பது வருடத்துக்கும் மேலாக அதை நடத்துகிறார். மராத்தியில் ஆண்களுக்காகவே ஒரு தீபாவளி மலர் போட்டார்கள். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பையன்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அத்தனை பெரிய ஊரில் 205 பேர்தானா என்று சிரிக்கத் தோன்றும். பெயர் போட்டுக் கையெழுத்துப் போட்டு எழுதிய 205 பேர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். மணலியில் அப்படி ஒரு தாளை டீக்கடையில் ஒட்டினால் எத்தனை கையெழுத்து விழும் என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிவில்லை.

நடைக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் உளவியல் ஆலோசகர் ஃபிராங்க் பேர்ட் 2001இல் ஒரு சிறு கூட்டம் ஆண்களைச் சேர்த்து, காலில் பெண்களின் ஹை ஹீல்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மைல் நடக்க வைத்தார். அடுத்தவர் செருப்பில் நின்று பார் என்பது அவர்கள் ஊர்ச் சொலவடை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு உதவும் உள்ளூர் மையங்களுக்கு அந்த நடை பணம் திரட்டிக் கொடுத்தது. வேகமாகப் பரவியது. மேயர், தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், கல்லூரிக் கால்பந்துப் பையன் எல்லோரும் சிவப்புச் செருப்பில் தடுமாறி நடந்து, சிரித்து, நன்கொடை போட்டுவிட்டுப் போனார்கள். 2015இல் அங்கே ராணுவப் பயிற்சி மாணவர்களைக் கட்டாயப்படுத்தி இப்படி நடக்க வைத்ததாகப் புகார் எழுந்து சர்ச்சையானது. வேறு கண்டனங்களும் வந்தன. பெண் என்றால் ஹை ஹீல்ஸ்தானா, குதிகால் வலியும் வன்கொடுமையும் ஒன்றா என்று பெண்களே கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. மணலியில் எந்தப் பெண்ணும் ஹை ஹீல்ஸில் ஷிப்டுக்குப் போவதில்லை. ஆனாலும் இந்த நடையை நான் கேலி செய்ய மாட்டேன். காரணம் பணம். அதே 2001இல் சென்னையில் பிசிவிசி என்ற அமைப்பு தொடங்கியது. வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்குத் தொலைபேசி உதவி, தங்குமிடம், ஆலோசனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்தோடு வரும் பெண்களுக்குத் துணை என்று அதன் வேலை விரிந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை வடசென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கத்துத் தீக்காய வார்டு தெரியாத இடமில்லை. "ஸ்டவ் வெடிச்சிடுச்சி" என்ற வாக்கியம் எத்தனை தடவை அங்கே பதிவாகியிருக்கும். நள்ளிரவில் போனை எடுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டுமென்றால் அவருக்குச் சம்பளம் வேண்டும். அரசும் 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு, 2013இல் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை உருவாக்கியது. மாவட்டம்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன, 181 என்ற எண் வந்தது. அதோடு எல்லாம் நிறைந்துவிடவில்லை. நடந்து சேர்த்த காசு அந்தப் போனுக்குப் போகுமானால் எந்தச் செருப்பில் நடந்தால் என்ன?

2012 டிசம்பருக்குப் பிறகு நம் ஊரிலும் நடைகள் பெருகின. மும்பையில் நடிகர் ஃபர்ஹான் அக்தர் 2013இல் "மர்த்" என்ற பெயரில் ஆண்களுக்கான பிரச்சாரம் தொடங்கினார். பெண்களின் மேல் நடக்கும் வன்முறையைப் பற்றிப் பேச, நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் 16 நாள் இயக்கத்தைச் சென்னையில் பிரக்ஞா அறக்கட்டளை 2008 முதலே நடத்தி வந்தது. ஆனால் டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி என்ற வகை நடைகளுக்குச் சென்னையில் ஒரு பூகோளம் உண்டு. பெசன்ட் நகர் கடற்கரை, மெரினா. இந்தப் பக்கம் வராது. மணலி விரைவுச் சாலையில் கண்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்துக்குக் காத்துக்கொண்டு வால் நீட்டி நிற்கும். அந்த வரிசைக்கும் சாக்கடைக்கும் நடுவில், தூசியில், இங்கே பெண்கள் தினமும் நடக்கிறார்கள். லாரிக்குள் நாள்கணக்கில் கிடக்கும் டிரைவர்களின் பார்வைக்கு முன்னால், விளக்கெரியாத இடங்களில் கொஞ்சம் வேகமாக. அதற்கு யாரும் மெடல் கொடுத்ததில்லை.

தனியாளாகக் கிளம்பியவர்களும் உண்டு. பீகார்க்காரரான ராகேஷ் குமார் சிங் 2014 மார்ச்சில் சைக்கிளில் புறப்பட்டார், அதுவும் நம் சென்னையிலிருந்து. பெண்களின் மேல் நடக்கும் வன்முறையைப் பற்றி ஆண்களிடம் பேசுவதே நோக்கம். மாநிலம் மாநிலமாக, நான்கு ஆண்டுகளுக்கு மேல் மிதித்துத் தன் ஊர்ப் பக்கம் போய் முடித்தார். கூட்டம் போட்டு மேடையேறுவதைவிட, சைக்கிளை நிறுத்தி டீ குடிக்கும் இடத்தில் பேச்சுக் கொடுப்பது எளிது. எதிரில் இருப்பவனுக்கும் சபைக்கூச்சம் இருக்காது.

பிறகு ஒரு பயணம், இவை எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 2018 டிசம்பர் 20இல் மும்பையில் கிளம்பி, 24 மாநிலங்கள் வழியாக 10,000 கிலோமீட்டர் கடந்து, 65 நாள் கழித்து 2019 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தை அடைந்தது கரிமா யாத்திரை. பாதிக்கப்பட்டவர்களே நடத்திய பயணம். முகத்தை மூடாமல், பெயரைச் சொல்லி மேடையில் பேசினார்கள். வெட்கப்பட வேண்டியது நாங்கள் இல்லை என்றார்கள். மனைவிக்கும் மகளுக்கும் பக்கத்தில் நடந்து வந்த கணவர்களும் அப்பாக்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பயத்தை முதலில் கடந்தவர்கள் அவர்கள். நடந்த ஆண்களில் யாருக்காவது வணக்கம் வைக்க வேண்டுமென்றால் என் கை அவர்கள் பக்கம்தான் போகும்.

நடையில் ஒரு கோளாறு உண்டு, அது யாருடைய தப்பும் இல்லை. நடை தெருவில் நடக்கிறது. குற்றமோ பெரும்பாலும் தெருவில் நடப்பதில்லை. நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், செய்தவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனால் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்கிறது. கணவன் செய்தாலும் அது வன்கொடுமையே என்று சட்டம் சொல்ல வேண்டும் என 2013 ஜனவரியில் நீதிபதி வர்மா குழு பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2023இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கணவனுக்கான விலக்கு தொடர்கிறது.

வீட்டுக்குள் ஊர்வலம் போக முடியாது. அங்கே இருக்கும் ஆணிடம் அவன் மதிக்கும் இன்னொரு ஆண் பேசினால்தான் உண்டு. இதைச் சரியாகப் பிடித்தது மும்பையின் பரிவர்த்தன் திட்டம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெண்கள் ஆய்வுக்கான பன்னாட்டு மையம் ஒன்று பள்ளிக் கிரிக்கெட் கோச்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தது. பையன்கள் பயிற்சி முடித்து வியர்வையோடு உட்கார்ந்திருக்கும்போது, கோச் கொஞ்ச நேரம் பேச வேண்டும். பெண்களைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்லாதே, பின்னால் போகாதே, உன் நண்பன் செய்தால் நிறுத்து. அப்பா பேச்சைக் கேட்காதவன்கூடக் கோச் சொன்னால் கேட்பான். பையன்களின் எண்ணத்தில் மாற்றம் தெரிந்தது என்று ஆய்வு சொன்னது, பெரிய அளவில் இல்லாவிட்டாலும். வடசென்னையில் தெருவுக்கு ஒரு கேரம் கிளப், பேட்டைக்கு ஒரு பாக்சிங், புட்பால் மாஸ்டர். இங்கே ஆளுக்குக் குறைவில்லை.

ஆலைக்குள்ளே வேறு வழி. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் வேரும் 1992தான். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பெண் பணியாளருக்கு நடந்த கொடுமையிலிருந்து 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து இந்தச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். ஷட்-டவுன் காலத்தில் ஆலைக்குள் கூட்டிப் பெருக்க வரும் காண்டிராக்ட் பெண்ணுக்கும் இது பொருந்தும். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் வேறொருவராக இருந்தாலும், கம்பெனியின் குழுவிலேயே அவர் புகார் கொடுக்கலாம். இதைப் பல சூப்பர்வைசர்கள் சொல்வதில்லை, பல பெண்களுக்குத் தெரிவதும் இல்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும், எழுதத் தெரியாவிட்டால் குழு எழுத உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை என்றால் சாட்சியைக் கூப்பிடுவார்கள். மணலியின் கேட்டுகளுக்குள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரே யூனியன், ஒரே ஷிப்ட், ஒரே டீக்கடை. வாச்சாத்திச் சாட்சிகளுக்குத் துணை நின்ற சங்கத்துக்காரர்களைப்போல், மணலி யூனியன்காரர்கள் தங்கள் ஷிப்டுக்காரனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவன் கிளம்பினால் அவன் பின்னால் நிற்பார்களா என்பதை வாயிற்கூட்டத்தில்தான் கேட்க வேண்டும்.

(தொடரும்)